வாரம் ஒரு முறை: ஒரு மாத்திரையின் வரலாறும் அதை விழுங்கும் முறையும்

முடக்குவாத நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், அடுத்த வருகையின்போது ஒரு கேள்வி காத்திருக்கும். பெரும்பாலும் அதை நோயாளி கேட்பதில்லை. உடன் வரும் மகனோ மருமகளோ கைப்பேசியை நீட்டியபடி, சற்றே தணிந்த குரலில் கேட்பார்: "டாக்டர், இது கேன்சர் மாத்திரை என்று போட்டிருக்கிறதே, அம்மாவுக்கு வேறு ஏதாவது இருக்கிறதா?" மேலூர்ப் பக்கத்திலிருந்தும் திருமோகூர், நரசிங்கம் பக்கத்திலிருந்தும் வருகின்ற பெண்களுள் பலர் நாற்று நட்டும் களை எடுத்தும் பழகியவர்கள். காலையில் எழுந்தவுடன் கோலப்பொடியைக் கிள்ளி எடுக்க விரல் மடங்கவில்லை என்றுதான் முதலில் வருவார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் மருந்து எதற்கு என்ற கேள்வி நியாயமானதே.

கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு, கடையில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வாங்கி விழுங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து விரல்கள் கோணிய நிலையில் திரும்பி வருகிறவர்களைப் பற்றியே கவலை. இதற்கு நேர் எதிரான கவலையும் ஒன்று உண்டு. வாரத்திற்கு ஒரு முறை மட்டுமே எடுக்க வேண்டிய இம்மாத்திரையைத் தவறுதலாக நாள்தோறும் எடுத்துவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்த நிலையில் அவசரப் பிரிவுக்கு வருவோரும் இருக்கிறார்கள். அச்சத்தால் நிறுத்துவோர் ஒரு புறம், குழப்பத்தால் மிகுதியாக உண்போர் மறுபுறம். இம்மருந்து எங்கிருந்து வந்தது, உடலினுள் என்ன செய்கிறது என்பது விளங்கினால் இரண்டையுமே தவிர்க்கலாம். அதனால்தான் இம்முறை மருந்தை விட்டு ஒரு மனிதரிடமிருந்து தொடங்குகிறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். படிப்பில் தொடக்கத்தில் பெயர் பெற்றவர் அல்லர். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியை முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியில் சென்றது ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. ஏட்டுத் தேர்வுகளில் நன்றாக எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. மாகாண மருத்துவப் பணி கிட்டாத நிலையில், டாக்டர் லட்சுமிபதி சென்னையில் நடத்திவந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

அக்காலத்தில் அவருடைய குடும்பத்தை ஒரு நோய் சூறையாடியது. ஸ்ப்ரூ என்பது அதன் பெயர். நம் நாட்டு மருத்துவர்கள் கிரகணி என்று அழைக்கும் நாட்பட்ட கழிச்சலைச் சேர்ந்தது. உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்சாது. நாக்கு புண்ணாகும், இரத்தம் வற்றும், உடல் எலும்பாகும். சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் அந்நோய்க்கு அவர் பறிகொடுத்தார். அவரையும் அது பற்றியது. லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். ஆயினும் அந்நோய் ஏன் வருகிறது என்பதை அன்று எந்த மருத்துவ முறையாலும் சொல்ல முடியவில்லை. மாமனார் வழி உதவியும் கடனும் கொண்டு, 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படிக்கச் சென்று இறங்கினார். பகலில் படிப்பு, இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை. ஊரில் விட்டுவந்த இளம் மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை.

ஹார்வர்டில் அவருக்கு முதற்பெயர் தந்தது நோய் அன்று, ஓர் அளவை முறை. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்கிட அன்று எளிய வழியில்லை. சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து சுப்பாராவ் ஒரு வழி கண்டார். மாதிரியுடன் மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, பின்னர் மற்றொரு வேதிப்பொருளைச் சேர்த்தால் கரைசல் நீலமாகும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலம் அடர்ந்துகொண்டே போகும். 1925இல் வெளிவந்த இம்முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரிலேயே கற்கின்றனர். சிறுநீரக நோயாளிகளின் இரத்தப் பரிசோதனைத் தாளில் பாஸ்பரஸ் என்றொரு வரி இருக்குமே, அதைக் கணிக்கும் இன்றைய தானியங்கிக் கருவிகளிலும் அதே மாலிப்டேட் வேதிவினையே அடிப்படை.

நல்ல தராசு கையில் இருந்தால் கடைக்காரருக்குப் பொருள்களின் மெய்யான எடை தெரியவருவது போல, இந்த அளவை முறையே அவரை அடுத்த கண்டுபிடிப்புகளுக்கு இட்டுச் சென்றது. தசையில் உள்ள பாஸ்பரஸை அளந்துகொண்டிருந்தபோது, அதுவரை எவரும் அறியாத பாஸ்போகிரியேட்டின் என்னும் சேர்மம் 1927இல் அகப்பட்டது. 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் அகப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனித்து அதனைக் கண்டறிந்தார். உங்கள் கை அசைவதற்கும், இதயம் துடிப்பதற்கும், இவ்வரியைப் படிக்கையில் மூளை இயங்குவதற்கும் செலவாகும் நாணயம் அந்த ஏ.டி.பி.தான். பாஸ்போகிரியேட்டின் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சேமிப்பு. சேமிப்பை நாணயமாக மாற்றித் தரும் நொதிக்குக் கிரியேட்டின் கைனேஸ் என்று பெயர். நெஞ்சுவலியோடு வருவோருக்கு நெடுங்காலம் செய்யப்பட்டுவந்த சி.பி.கே. பரிசோதனை, சேதமுற்ற இதயத் தசையிலிருந்து இரத்தத்தில் கசிந்த இந்நொதியையே அளக்கிறது.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. கருவியின் குகைக்குள் படுத்தவர்களுக்கு அதன் இரைச்சல் நினைவிருக்கும். அக்கருவியைச் சூழ்ந்திருப்பது நியோபியம், டைட்டானியம் ஆகிய உலோகங்களின் கலவையால் ஆன கம்பிச்சுருள். திரவ ஹீலியத்தில் ஏறத்தாழ மைனஸ் 269 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டும்போது, அக்கம்பி மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது. அதனால்தான் அவ்வளவு வலிய காந்தப்புலம் கிட்டுகிறது. அதே வகைக் காந்தத்தைக் கொண்டு, ஆய்வு மையங்களில், தசையைக் கீறாமலே உயிருள்ள மனிதரின் பாஸ்போகிரியேட்டினையும் ஏ.டி.பி.யையும் திரையில் முகடுகளாகக் காணலாம். நீலக் கரைசலைக் கண்ணெதிரே தூக்கிப்பிடித்து அளந்தவர் இதைக் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

இவ்வளவும் செய்தவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பணி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநராகவும் ஆனார். அங்கேதான் அவர் தம் பழைய பகையான இரத்தம் வற்றும் நோயிடம் திரும்பினார்.

அந்நோயின் கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. பத்தாண்டுகளுக்கு முன்பு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கருவுற்ற பெண்களுக்கு ஏற்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அதன் பொருட்டு 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப்படும் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். அப்பெண்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் இருந்தன. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். சாற்றில் உள்ள எந்தப் பொருள் குணப்படுத்தியது என்பது மட்டும் தெரியவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே இனத்துப் பொருளைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். டன் கணக்கில் கீரையை அரைத்தால் துளியளவே கிடைக்கும் அப்பொருளை 1945இல் ஆய்வகத்திலேயே செய்துகாட்டியது சுப்பாராவின் குழு. அதன் பிறகே அது மாத்திரையாகி, மலிவாகி, இன்று கருவுற்ற தாய்மார்க்கும் பள்ளி மாணவியர்க்கும் அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையின் ஒரு பகுதியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. (கீரையிலும் அது இருக்கத்தான் செய்கிறது. நெடுநேரம் கொதிக்கவைத்து, வடித்த நீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி அதனோடு போய்விடும்.)

வெப்பமண்டல ஸ்ப்ரூ நோய்க்கு இன்று நாங்கள் தரும் சிகிச்சையில் முதன்மையானவை இரண்டு. ஒன்று ஃபோலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின் இனத்து நுண்ணுயிர்க்கொல்லி. அவ்வினத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அதே லெடர்லே ஆய்வகத்தில், சுப்பாராவின் தலைமையின்கீழ், பெஞ்சமின் டகர் என்ற முதிய தாவரவியலாளர் மண்ணிலிருந்து கண்டெடுத்ததே. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கான இரண்டு மருந்துகளும் ஒருவருடைய ஆய்வகத்திலிருந்தே வெளிவந்தன. மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையாக வேறொன்றை நான் படித்ததில்லை. டெட்ராசைக்ளின் வழிவந்த டாக்சிசைக்ளினைத்தான் நம் பகுதியில் பரவலாகக் காணும் உண்ணிக் காய்ச்சலுக்கு இன்று முதலில் கொடுக்கிறோம். அதே ஆய்வகம் 1947இல் தந்த டைஎதில்கார்பமசின், கும்பகோணம் முதலிய ஊர்களை ஒருகாலத்தில் வாட்டிய யானைக்கால் நோயை ஒழிக்கும் திட்டத்தில் இந்தியாவெங்கும் இன்றளவும் வழங்கப்படுகிறது.

இனி மெத்தோட்ரெக்சேட்டின் பிறப்புக்கு வருவோம். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய மரபுப்பொருளை உண்டாக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. உண்ட ஃபோலிக் அமிலத்தை அப்படியே பயன்படுத்த இயலாது. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி அதனைப் பக்குவப்படுத்தித் தர வேண்டும். நொதியைப் பூட்டு என்றும் ஃபோலிக் அமிலத்தைச் சாவி என்றும் கொள்ளுங்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் தணியாமல் விரைவதுபோல் அவருக்குத் தோன்றியது. அப்படியாயின் அவ்வூட்டத்தைத் தடுத்தால் நோய் தணியுமா? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து நொதியை ஏமாற்றும் போலிச் சாவிகள் அவருக்குத் தேவைப்பட்டன. சுப்பாராவின்கீழ் பணியாற்றிய டோரிஸ் சீகர் முதலிய வேதியியலாளர்கள் அவற்றைச் செய்து கொடுத்தனர். மூல அமிலத்தில் ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜனை அமர்த்தியதே பெரிய மாற்றம். அச்சிறு மாற்றத்தால், அந்தப் போலிச் சாவி மெய்ச்சாவியைக் காட்டிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பூட்டில் சிக்கிக்கொண்டது. அதற்கு அமினோப்டெரின் என்று பெயர்.

1947ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் முதல் குழந்தைக்கு அது செலுத்தப்பட்டது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேர் தேறியதாகத் தெரிவித்திருந்தார். தற்காலிகத் தணிவு என்றே நேர்மையாகத் தலைப்பிட்டிருந்தார். சில மாதங்களில் நோய் திரும்பியது. எனினும் அதற்கு முன்னர் அந்நோய் கண்ட குழந்தையின் பெற்றோரிடம் மருத்துவர் சொல்வதற்கு ஒன்றுமே இருந்ததில்லை. மருந்தால் இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பதை உலகம் அன்றுதான் அறிந்தது. அக்கட்டுரை வெளிவந்த இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. தம் நாட்டுக்கு அவர் ஒருமுறையும் திரும்பவில்லை. இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது அவர் பிறந்து நூறாண்டு கழிந்த பின்னர், 1995இல். ஆண்டுதோறும் அவரை "மறக்கப்பட்ட மேதை" என்று எழுதுகிறார்கள். அவர் செய்த மருந்துகளை நாள்தோறும் எழுதும் எங்களில் எத்தனை பேர் அவர் பெயரை நோயாளியிடம் சொல்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

அமினோப்டெரினைவிடச் சற்றே பாதுகாப்பான தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1956இல் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர், நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை இம்மருந்தால் முற்றிலும் அகற்ற முடியும் என்று காட்டினர். கட்டியாக வளரும் புற்றுநோயொன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல் முறை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அது ஒரு தூண். பல மருந்துகளை முறையாகச் சேர்த்துத் தருவதால், நல்ல மையங்களில் பெரும்பாலான குழந்தைகள் இன்று குணமடைகின்றனர்.

முடக்குவாதத்துக்கு இது வந்த வழி வேறு. 1951இல் அமினோப்டெரினைப் பெற்ற நோயாளிகளின் மூட்டு வீக்கமும் சொரியாசிஸ் படையும் தணிவதை மருத்துவர்கள் கவனித்தனர். அதைப் பரவலாக ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. முடக்குவாதத்துக்கான மருந்தாக அமெரிக்கா இதனை ஏற்றது 1988இல்தான். எங்கள் கையில் உள்ள மருந்துகளில், மூட்டு அரிக்கப்படாமல் காக்கும் முதல் வரிசை மருந்து இதுவே. வலி மாத்திரை வலியை மறைக்கும், மூட்டைக் காக்காது.

இப்போது அந்த மகன் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். ஆம், இது புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்துதான். ஆனால் சில வகைப் புற்றுநோய்களுக்குக் கிராம் கணக்கில் நரம்பு வழியே செலுத்துகிறோம். முடக்குவாதத்துக்குத் தருவது வாரத்திற்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்தச் சிறு அளவில் இது வேலை செய்யும் விதமும் வேறு. வீங்கிய மூட்டின் அருகே அடினோசின் என்னும் பொருளைப் பெருக்கி, தன் உடலையே தாக்கும் எதிர்ப்பாற்றலை அமைதிப்படுத்துகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சுப்பாராவ் தசையில் கண்ட ஏ.டி.பி.யின் முதற்பகுதியும் அதே அடினோசின்தான். அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை.

அளவு சிறிதாயின் நாள்தோறும் எடுத்தால் என்ன? இதில்தான் உயிராபத்து இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பூட்டு அடைபட்டால், மீதி நாள்களில் எலும்பு மச்சையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். நாள்தோறும் அடைபட்டால் அவற்றுக்கு மூச்சுவிட இடமில்லை. சிறு அளவாயினும் தொடர்ந்து ஒரு வாரம் நாள்தோறும் விழுங்கி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களில் யாரும் கவனமற்றவர்கள் என்று நினைக்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நாள்தோறும் மாத்திரை உண்டு பழகிய முதியவர், புதிய அட்டையையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வது இயல்பு. மெத்தோட்ரெக்சேட்டும், அதனோடு எழுதப்படும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்திலேயே வருகின்றன என்பது இன்னொரு தொல்லை.

ஆகவே பராமரிப்பாளர்களுக்குச் சொல்கிறேன்: இம்மாத்திரையை மற்ற மாத்திரைகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்று, அந்த நாளில் மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடம் கேட்டு, அட்டையின் மீதே கிழமையின் பெயரை முழுமையாகத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் "ஓ.டி." என்றிருந்தால் அது நாளுக்கு ஒரு முறை என்று பொருள்படும். மெத்தோட்ரெக்சேட்டின் அருகே அப்படி எழுதியிருந்தால் மருந்தை வாங்காமல் திரும்பி வாருங்கள். உங்கள் ஊர் வாரச்சந்தை நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

எண்ணிக்கையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இம்மாத்திரை 2.5, 5, 7.5, 10, 15 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் விற்கப்படுகிறது. 2.5 மில்லிகிராம் மாத்திரையில் மூன்று எடுத்துப் பழகியவருக்குக் கடையில் 7.5 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்து, அவர் வழக்கம்போல் மூன்றை விழுங்கினால் மும்மடங்கு மருந்து உள்ளே போய்விடும். எத்தனை மாத்திரை என்பதை மட்டும் நினைவில் வைக்காமல், மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். புதிய அட்டை பழைய அட்டையைப் போல் இல்லையென்றால் கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

ஃபோலிக் அமிலத்தை ஏன் சேர்த்துத் தருகிறோம்? போலிச் சாவியால் வாய்க்கும் குடலுக்கும் கல்லீரலுக்கும் ஏற்படும் தொல்லையை அது குறைக்கிறது. முடக்குவாதம் தணிவதை அது கெடுப்பதில்லை. பொதுவாக மெத்தோட்ரெக்சேட் எடுக்காத நாளில் அதை எடுக்கச் சொல்வோம். ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட்டும் நாள்தோறும் மெர்கேப்டோபியூரினும் தரப்படும் காலம் உண்டு. எது நாள்தோறும், எது வாரம் ஒரு முறை என்பது அங்கும் மாறிவிடக் கூடாது. குழந்தை மெலிந்திருக்கிறதே என்று இரத்தம் ஊற டானிக்கோ ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையோ நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மூட்டு நோயில் துணையாக நிற்கும் அதே விட்டமின், அங்கே மருந்தின் வேலையைத் தடுக்கக்கூடும்.

பொதுவாகச் சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கடைகளில் தரப்படும் கோட்ரைமாக்சசோல் என்னும் மாத்திரையை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து உண்ணவே கூடாது. அதிலுள்ள டிரைமெத்தோப்ரிமும் அதே இனத்து நொதியைத் தடுப்பதுதான். இரண்டும் கூடினால் எலும்பு மச்சை ஒடுங்கிவிடும். எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குச் சென்றாலும் இம்மருந்தை உண்பதைச் சொல்லிவிடுங்கள். மது அருந்துவோர் அதைவிட வேண்டும். கல்லீரல் இரண்டையும் ஒருசேரத் தாங்காது. கருவுற்றவர்கள் இதை எடுக்கக் கூடாது. கருவுற விரும்புவோர் முன்கூட்டியே சொன்னால், பல மாதங்களுக்கு முன்பே மாற்று மருந்துக்கு மாற்றிவிடுவோம்.

தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறையும், அளவு நிலைத்த பின் 2 அல்லது 3 மாதங்களுக்கு ஒரு முறையும் இரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறோம். "வலி இல்லை, எதற்கு ஊசி" என்று தட்டிக்கழிப்போர் பலர். வலி சொல்லாததைத்தான் அப்பரிசோதனை சொல்லும். வாய்ப்புண், காய்ச்சல், தோலில் காரணமின்றிக் கன்றல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அந்த வாரத்து மாத்திரையை எடுக்காமல் எங்களிடம் வாருங்கள். வயிற்றுப்போக்கால் உடல் நீர் வற்றியிருக்கும்போதும் அப்படியே செய்யுங்கள். மருந்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சோர்ந்தால் வழக்கமான அளவே மிகுதியாகிவிடும்.

குறித்த நாளில் மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு, அடுத்த வாரம் உரிய நாளில் வழக்கமான அளவை மட்டும் எடுங்கள். விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாக ஒருபோதும் எடுக்க வேண்டாம். தவறுதலாக நாள்தோறும் எடுத்துவிட்டதை அறிந்தால், உடலில் எத்தொல்லையும் இல்லையென்றாலும் அன்றே, இரவாயினும், மருத்துவமனைக்கு வாருங்கள். ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்து எங்களிடம் இருக்கிறது. அடைபட்ட பூட்டைச் சுற்றிக்கொண்டு, உயிரணுவுக்கு வேண்டியதை நேரே சேர்ப்பது அது. எவ்வளவு முன்னதாகச் செலுத்துகிறோமோ அவ்வளவு பயன் தரும். வரும்போது, மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையை மறவாமல் கையோடு கொண்டு வாருங்கள். எத்தனை போயிருக்கிறது என்பதை அதில் எண்ணித்தான் நாங்கள் மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.